மேல்கணக்கு மிளகு

தம்பி,

நீ கொழும்புக்கு பஸ் ஏறி மூன்று நாளாகிறது. மிளகு அரைக்கிற மெஷினைப் பார்த்துவிட்டு, கடைக்காரர்கள் இரண்டு பேரிடம் பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனாய். மறுநாள் சனிக்கிழமை மேல்கணக்குக்கு ஏறிப் போய், நம் தேயிலைத் தோட்டத்தின் அந்த மேல் பிரிவில் இருக்கிறவர்களிடம் மிளகு கேட்கப் போவதாகவும் சொன்னாய். நீ அங்கே ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும். அதனால்தான் உன் மேசையில், வந்ததும் நீ முதலில் தேடுகிற போன் சார்ஜருக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று கையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவாய். போனில் பேசலாமென்றால் நம் லயத்து வாசலுக்கு வந்து நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது, வாசலுக்கு வந்தால் ஒரே வரிசையில் ஒட்டியிருக்கிற பத்து வீட்டுக்கும் காது இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள் என்றாலும் ஒரு காலத்தில் இந்த லயத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பிழை இருந்தால் சிரிக்காமல் படி.

கதவுக்குப் பின்னால் நீ ஒட்டி வைத்திருக்கிற காகிதத்தைத் தினமும் வீடு கூட்டும்போது பார்க்கிறேன். இரத்தினபுரியில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து எழுதி ஒட்டினாயே, வெற்றிபெறும் தொழில்முனைவோருக்கு வேண்டியவை என்று, அதுதான். துணிச்சல், விடாமுயற்சி, திட்டமிடல், தன்னம்பிக்கை, விளம்பரம், நேர முகாமைத்துவம். எல்லாம் நல்ல வார்த்தைகள், நான் ஒன்றையும் குறை சொல்லவில்லை. நேர முகாமைத்துவம் என்று எழுதி ஒட்டிவிட்டு அதற்கு நேர் கீழே பாயை விரித்து ஏழரை மணி வரைக்கும் தூங்குகிற ஒருவனை மட்டும் எனக்குத் தெரியும். அவன் பெயரை இங்கே எழுதவில்லை.

விளையாட்டாகச் சொன்னாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. முப்பது வருஷமாக எனக்கு விடிந்ததும் இன்னொருவர்தான் வேலை சொல்லியிருக்கிறார். எந்த மலை, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு இறங்குவது, எல்லாம் யாரோ சொல்வார்கள், நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போவேன். முதன்முதலாக நானே ஒரு தொழில் செய்யப் புறப்பட்டபோது, முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வெகு நேரம் கழித்துத்தான் உறைத்தது, எனக்கு வேலை சொல்ல யாரும் வரப்போவதில்லை என்று. நீ தோட்ட வேலைக்கே போனதில்லை, ஆனாலும் எங்களைப் பார்த்து வளர்ந்தவன். கொழும்புச் சூப்பர்மார்க்கெட்டிலும் ஒரு மேனேஜர் உனக்கு வேலை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இப்போது சொல்ல ஆளில்லை. முதல் நாள் சாயங்காலமே மறுநாள் வேலையை உனக்கு நீயே சொல்லிவிட்டுப் படு, அது போதும்.

நானும் தொழில் செய்தேன் என்றதும் உனக்கு அந்த ஞாபகம் வந்திருக்கும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால் சின்னதாக இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பெரியதைச் சொல்ல அது எனக்குக் கொஞ்சம் தைரியம் தரும். நீ சூப்பர்மார்க்கெட் வேலையை விட்டுவிட்டு வந்து, மிளகும் கராம்பும் வாங்கிக் காயவைத்து, பைக்கட் போட்டு விற்கப் போகிறேன் என்று சொன்ன வாரம், நான் கோவிலுக்குப் போய் அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். உன் தொழில் சீக்கிரம் ஊத்திக்கொள்ள வேண்டும், நீ பழையபடி அந்த வேலைக்கே திரும்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். பெற்றவள் செய்கிற வேலையா இது என்று கேட்பாய். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற ஒரு பிள்ளை எனக்கு இருந்தான், அவனை இழந்துவிட்டதாக நினைத்தேன். பிறகு ஒரு நாள் நீ முதல் பைக்கட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாய். மூன்று மொழியிலும் எழுதி, ஓரத்தில் ஒரு மிளகுக் கொத்துப் படம் போட்டிருந்தாய். அன்றைக்கே ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன், சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் தாயே என்று உடைத்துவிட்டு வந்தேன். உன் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது, அவரிடம் சொல்லிவிடாதே.

இப்போது மேல்கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். கொழும்புக் கடைக்காரர் கேட்கிற அளவைக் கொடுக்க நம் லயத்து மிளகும் கீழே நாட்டுக் கிராமத்தில் சிங்களவர்களிடம் வாங்குகிறதும் போதாது என்று போன மாதமே சொன்னாய். மேல்கணக்கில் வீட்டுக்கு வீடு பலா மரத்திலும் முள்முருங்கையிலும் பழைய கொடிகள் ஏறிக் கிடக்கின்றன, அந்த மிளகு கிடைத்தால்தான் அந்தக் கடை நிலைக்கும், கடை நிலைத்தால்தான் தொழில் நிலைக்கும். இரண்டு தடவை ஆள் மூலம் சொல்லியனுப்பினாய். ஒருவரும் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அவங்களுக்கு எப்பவுமே நம்ம மேல பொறாமைதானேம்மா, நீங்கதானே சொல்லுவீங்க" என்று சொன்னாய். நான் உன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். தம்பி, அவர்களுக்குப் பொறாமை இல்லை. அவர்கள் வராததற்குக் காரணம் நான்.

நீ நாலாம் வகுப்புப் படித்தபோது நான் மிளகு வியாபாரம் ஆரம்பித்தேன். கிழமை நாட்களில் கொழுந்து எடுப்பேன், சாயங்காலத்தில் லயத்துக்காரர்களிடமும் மேல்கணக்குக்காரர்களிடமும் மிளகு வாங்குவேன், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஓப்பநாயக்கவில் ஒரு முதலாளி கடையில் கொடுப்பேன். உத்தரத்தில் தொங்கவிடுகிற வட்டமுகத் தராசு ஒன்றைப் பழசாக வாங்கி நம் வீட்டு முன்பக்கத்தில் மாட்டியிருந்தேன், நீ அதில் தொங்கி என்னிடம் அடிகூட வாங்கியிருக்கிறாய். அந்தத் தராசில் யார் எதைக் கொண்டுவந்து மாட்டினாலும், முள் காட்டுகிறதில் இரண்டு கிலோவைக் கழித்துவிட்டுத்தான் நான் எழுதுவேன். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சொல்வேன்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் நம் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் வரிசையில் நின்று கொழுந்தை நிறுக்கக் கொடுத்தால், கணக்கப்பிள்ளை தண்ணீருக்கும் கூடைக்கும் என்று கிலோக் கணக்கில் கழித்துவிட்டுத்தான் பெயருக்கு நேரே எழுதுவார். வெயில் கொளுத்துகிற மாதத்திலும் தண்ணீருக்குக் கழிப்பார். நாங்கள் வெளியே வந்து, அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசுவோம். ஏசினேனே தவிர, நிறுப்பது என்றால் இப்படித்தான் என்று என் கைக்குள்ளே அது போய் உட்கார்ந்துவிட்டது. தராசை நான் மாட்டிய முதல் நாளே என் வாயும் அதே மாதிரி இரண்டு கிலோவைக் கழித்தது. அது திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

முதல் பருவத்துக்கு மட்டும்தான் அந்தச் சத்தியம் செல்லும். ஓப்பநாயக்க முதலாளி என் சாக்குகளை நிறுத்தபோது சாக்குக்கு என்று பெரிதாக ஒன்றும் கழிக்கவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, நல்லவளாட்டம் நானே ஞாபகப்படுத்தினேன். அவர் சிரித்துவிட்டு, "அக்கே, ஹிஸ் கோனிய கிரலா பலன்ன" என்றார். வெறும் சாக்கைத் தராசில் போட்டுப் பார் என்கிறார். போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோவே இல்லை. ஈரத்தைக் கண்டுபிடிக்க ஒரு மிளகை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார், சத்தம் கேட்டால் காய்ந்தது என்றார். அவ்வளவுதான் அந்த வித்தை. பஸ்ஸில் வரும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் அடுத்த பருவம் முழுக்க நான் இரண்டு கிலோவைக் கழித்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். உன் படிப்புக்காக, வீட்டுக் கஷ்டத்துக்காக என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், அழக்கூடச் செய்வாய். அது பொய். முப்பது கிலோக் கொழுந்தைத் தலையில் சுமந்து வந்து வரிசையில் நின்று, யாரோ ஒருவர் என்ன எழுதுவாரோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது நான் எழுதுகிறேன், எதிரில் இருக்கிறவர் எட்டிப் பார்க்கிறார். அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது தம்பி, ஆனால் அதுதான் உண்மை. தொழில் செய்கிறவனுக்கு என்னென்ன வேண்டும் என்று மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார்களே, தராசின் அந்தப் பக்கத்துக்குப் போனதும் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று அவர்கள் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றவர்கள் இல்லையே.

மேல்கணக்கில் பாக்கியம் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். நீ பார்த்திருப்பாய், உயரமானவர், சத்தமாகப் பேசுவார். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில் எனக்குக் கொழுந்து எடுக்கக் கை பழக்கியவர் அவர்தான். ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் எடுப்போம், மடுவத்தில் முன்னும் பின்னுமாக நிற்போம், வெளியே வந்து சேர்ந்தே ஏசுவோம். அந்த இரண்டாவது பருவத்தில் ஒரு நாள் அவர் ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்தார். மூத்த மகள் பெரியவளாகியிருந்தாள், சடங்குக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று வீட்டில் மிச்சமிருந்ததைக் காயவைத்து, குறுக்குப் பாதையில் இறங்கி வந்திருக்கிறார். வந்தவர் யார் என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முள் நாலில் நின்றது. நான் இரண்டு என்று எழுதினேன்.

அவர் சண்டை போடவில்லை. தராசின் முள்ளை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "மடுவத்துல நாம ரெண்டு பேரும் சேந்துதானே ஏசுவோம் புள்ள. இனிமே நான் தனியாத்தான் ஏசணும் போல" என்றார். நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு மேல்கணக்கிலிருந்து ஒருவரும் வரவில்லை. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கோவிலில் பார்த்தால் சிரித்தார்கள், சாவு வீட்டில் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், மிளகை மட்டும் வேறு எங்கேயோ கொண்டுபோனார்கள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி மனதை ஆற்றியிருப்பேன். அடுத்த பருவத்தில் பஸ்ஸில் ஏற்ற ஒரு சாக்குகூடச் சேரவில்லை. தராசைக் கழற்றி விற்றேன். உன் அப்பா என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "மேல்கணக்கு ஆளுங்களுக்கு நம்ம முன்னேறுறது புடிக்கல" என்றேன். நீ அப்போது மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகும் பல தடவை அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போலாகிவிட்டது. உன்னையும் நம்ப வைத்து, அந்த மலையில் இருக்கிற அத்தனை பேரையும் உனக்கு ஆகாதவர்களாக்கி வைத்திருக்கிறேன். இரண்டு கிலோ மிளகைவிட அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

அதனால் உனக்கு நான் சொல்ல வேண்டியவை இவ்வளவுதான். ஈரமாக இருந்தால் கழி, கழிப்பதற்கு முன்னால் கடித்துக் காட்டிச் சொல். தராசின் முகம் கொண்டுவந்தவர் பக்கம் பார்க்கட்டும், நீ வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள். இன்னொன்றும் கவனித்தேன், சொல்லாமல் விட மனமில்லை. சிங்களத்தில் முதலாளிமாரோடு போனில் பேசும்போது "ஹரி மஹத்தயா, ஹரி மஹத்தயா" என்று வார்த்தைக்கு வார்த்தை ஐயா போடுகிறாய், வாயில் வெண்ணெய் உருகுகிறது. அடுத்த நிமிஷம் நம் லயத்து ஆட்கள் மிளகு கொண்டுவந்தால், "அங்க வைங்க, வாறேன்" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாய். நான் இரண்டு தடவை பார்த்தேன். அப்படி ஒருத்தி இந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தாள். வாங்குகிறவரிடம் எல்லோரும் பணிவாகத்தான் இருப்பார்கள். விற்க வருகிறவரிடம் நீ எப்படி இருக்கிறாய் என்பதில்தான் உன் தொழில் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதிவிட்டு உன்னை மேலே அனுப்பினால், என் தப்புக்கு நீ போய் நிற்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் நேற்று வேலைக்குப் போகாமல் நானே குறுக்குப் பாதையில் மேல்கணக்குக்கு ஏறினேன். உன் சாக்கிலிருந்து இரண்டு கிலோ மிளகை நிறுத்து எடுத்துக்கொண்டு போனேன். இருப்பு குறைகிறதே என்று வந்து தேடாதே, எடுத்தது நான்தான். பாக்கியம் அக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், முழங்கால் வீங்கியிருக்கிறது. என்னைக் கண்டதும், "என்னா புள்ள, இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் மலையேறக் காலு வந்துச்சா?" என்றார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி கடையில் வெறும் சாக்கை நிறுத்தது, தெரிந்த பிறகும் கழித்தது, பொறாமை என்று வீட்டில் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. மிளகுப் பையை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இத வச்சு நான் என்னா பண்ண? எங்க கூரை மேலயே காயுது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெண்டு கிலோவுக்காக நான் கோவிக்கல புள்ள. மடுவத்துல அதுக்கு மேலயே போயிருக்கு. வந்தது யாருன்னு நீ தலையத் தூக்கிக்கூடப் பாக்கல பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. ஒனக்குக் கை பழக்கி விட்டவ நானு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காலடியில் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று குனிந்து கேட்டேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி மருமகளிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். குடித்து முடித்த பிறகு நானாகத்தான் பேச்சை எடுத்தேன், சனிக்கிழமை நீ வருவாய் என்று சொன்னேன்.

"வரட்டும். சீனி போட்ட மாதிரி பேசுவானாமே ஒன் மகன், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். "ஆனா ஒண்ணு. தராச எறக்குறதுக்கு முன்னாடி, தான் யாரு மகன்னு அவன் வாயாலயே இங்க எல்லாருக்கும் சொல்லணும். இங்க பாதிப் பேருக்கு அவன் மொகம் தெரியாது. பேரு சொல்லாம வாங்கிட்டுப் போயி, அப்பறமா தெரிஞ்சா அதுக்கும் சேத்து ஏசுவாங்க. சொல்லட்டும். மெளகு குடுக்குறதா இல்லையான்னு அதுக்கப்பறம் நாங்க பாத்துக்கிறோம்."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மிளகு தருவதாக அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இறங்கும்போது என் கால்களுக்கு அந்தப் பாதை அவ்வளவு சிரமமாக இல்லை. பாக்கியம் அக்காவின் மருமகள் பாதி வழி வரைக்கும் கூட வந்தாள், உன் பைக்கட்டை ஓப்பநாயக்கக் கடையில் பார்த்ததாகவும் படம் அழகாக இருப்பதாகவும் சொன்னாள். எனக்கு நம்பிக்கை இருக்கிறது தம்பி. ஒருவேளை இந்தத் தடவை இரண்டு வீடுதான் கொடுக்கலாம், அடுத்த பருவத்தில் நாலாகலாம். உனக்கு வயது இருக்கிறது, மலையில் கொடி இருக்கிறது. நான் கெடுத்ததைவிட நீ கட்டப்போவது பெரியதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தடவை நான் எந்தச் சாமியிடமும் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.

இதைப் படித்துவிட்டு என் மேல் கோபம் வந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரியே கோபித்துத் தீர்த்துவிடு, கோபத்தோடு மேலே போகாதே. நீ என்னோடு பேசாவிட்டாலும் சோறு போட்டு மூடி வைத்திருப்பேன். சனிக்கிழமை காலையில் நேரத்தோடு எழுந்து போ. நான் கூட வரமாட்டேன், அது உன் வேலை. அங்கே எல்லோரும் கூடி நிற்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீ இன்னாருடைய மகன் என்று என் பெயரைச் சொல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொல். சொல்லும்போது தலையைக் குனியாதே. குனிய வேண்டியவள் நான், நான் போய்க் குனிந்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் அம்மா